மணல் மூட்டை வேண்டாம், முதலில் புல்லைக் குட்டையாக வெட்டுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. வாலாஜா பக்கம் 15 சென்ட்டில் புல் நர்சரி வைத்திருக்கிறேன். பாதி அருகு, பாதி கொரியன் புல். நடந்தால் மெத்தை மாதிரி அமுங்குகிறது, தண்ணீர் விட்டால் மேலேயே நிற்கிறது. புல்லின் அடிச்சருகைக் கத்தியால் சுரண்டி எடுக்கிற 1500 வாட் கரண்ட் மெஷின் (ஸ்காரிஃபையர்) ஒன்று வாங்கினேன். எடை ரொம்பக் குறைவு, புல் மேல் குதித்துக் குதித்து ஓடுகிறது. பெட்டியில் பச்சைப் புல்தான் வருகிறது, அடிச்சருகு வரவில்லை. மேலே மணல் மூட்டை கட்டி ஓட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. கத்தி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதைச் சக்கரத்தின் உயர அமைப்புதான் முடிவு செய்கிறது. மூட்டை வைத்தால் அந்தப் பாரமெல்லாம் பேரிங்குக்கும் மோட்டாருக்கும்தான் போகும், மோட்டாரின் சுற்றுக் கம்பி கருகிப் போனால் வாரண்டியும் கிடைக்காது. சின்ன மெஷினை வைத்துக்கொண்டு ஒரே ஓட்டத்தில் அடிவரை சுரண்டப் பார்ப்பதுதான் இங்கே சிக்கல். பல தடவை மேலோட்டமாக ஓட்டினால் இதே மெஷின் நன்றாகவே வேலை செய்யும்.

முதலில் ஒரு கத்தியால் மூன்று அங்குல ஆழத்துக்கு ஆப்பு மாதிரி வெட்டி எடுத்துப் பாருங்கள். பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் தண்டும் வேரும் பின்னிக் கிடக்கும், அதுதான் சடை, நீங்கள் சொல்கிற அடிச்சருகு. 1 சென்டிமீட்டருக்குள் இருந்தால் தொடவே வேண்டாம், அது மண் சூடேறாமலும் ஈரம் போகாமலும் காக்கும். அதைத் தாண்டினால்தான் தண்ணீரும் உரமும் இறங்காமல் தடுக்கும். யூரியாவை அள்ளிப் போட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டுகிற நர்சரிகளில்தான் இது சீக்கிரம் சேர்கிறது. உங்கள் பழக்கம் எப்படி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் வேலூர், ராணிப்பேட்டை பக்கத்துக்கு ஆடி, ஆவணிதான் சரியான நேரம். சாயங்கால இடி மழை கிடைக்கும், புல்லும் வேகமாக வளரும், கிழிந்த இடம் சீக்கிரம் மூடிக்கொள்ளும். கத்திரி வெயிலில் செய்தால் திறந்த மண் வறுபடும். ஐப்பசி மழையில் மண் சேறாக இருக்கும், கத்தி சடையோடு செடியையே பிடுங்கும். மார்கழி, தை குளிரில் இந்த இரண்டு புல்லுமே மந்தமாகிவிடும், காயம் ஆறாது.

ஓட்டுவதற்கு முன்பு புல்லை இரண்டு மூன்று தடவையாகக் குறைத்துக் குட்டையாக வெட்டுங்கள். உங்கள் மெஷின் குதிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். புல் உயரமாக இருந்தால் லேசான மெஷின் அதன் மேலேயே மிதந்துவிடும், பச்சையைத்தான் கடிக்கும். மேல் புல் காய்ந்தும் மண் லேசான ஈரத்தோடும் இருக்க வேண்டும், பனி ஈரம் காய்ந்த பிறகு காலை பத்து மணி வாக்கில் தொடங்கலாம். கல் பொறுக்காமல் ஓட்டாதீர்கள், நம் செம்மண்ணில் சரளைக்குப் பஞ்சமே இல்லை, ஒரே நாளில் கத்தி மழுங்கிப் போகும்.

கைப்பிடியைக் கீழே அமுக்கினால் பின்சக்கரத்தில் ஊன்றி முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், கத்தி மண்ணை விட்டு எழும்பும். மோட்டாரைப் போடும்போதும், திருப்பும்போதும் இப்படி அமுக்குங்கள், முழு வேகம் வந்ததும் மெதுவாக இறக்குங்கள். நேராக ஓடும்போது கைப்பிடிக்குப் பாரம் கொடுக்கக் கூடாது. கத்தி சுழலும் வேகத்தில் மெஷின் தானே முன்னால் இழுக்கும், நீங்கள் அதைப் பிடித்து நிதான நடையில் கொண்டுபோக வேண்டும். முதல் ஓட்டத்தில் கத்தி சடையை உரசினால் போதும். அப்புறம் ஒரு படி இறக்கிக் குறுக்கே ஓட்டுங்கள், தேவைப்பட்டால் இன்னொரு படி இறக்கி மூலைவாட்டில். மண்ணில் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்க வேண்டாம். பெட்டியைக் கழற்றிவிடுங்கள், அது நாலு எட்டில் நிறைந்து அடைத்துக்கொள்ளும், பிறகு வாரியால் வாரிக்கொள்ளலாம். மெஷினோடு ஸ்பிரிங் கம்பி உருளை ஒன்று வந்திருந்தால் கடைசியாக அதை ஓட்டி உதிரியைக் கிளப்பலாம், ஆனால் சடையை அறுக்கக் கத்தி உருளைதான் வேண்டும்.

15 சென்ட்டையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள், பாத்தி பாத்தியாகச் செய்து மோட்டாரை ஆறவிடுங்கள். இன்னொன்று வயர். மெல்லிய வயரை 40 மீட்டர் இழுத்தால் மோட்டாருக்கு முழு வோல்டேஜ் கிடைக்காது. 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் போடுங்கள், சுருளை முழுக்க அவிழ்த்துவிடுங்கள், மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் ஈர மண்ணில் கரண்ட் மெஷினைத் தொடவே தொடாதீர்கள்.

அருகுக்கு மண்ணுக்கடியிலும் தண்டு ஓடுவதால் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செய்தாலும் இரண்டு மூன்று வாரத்தில் எழுந்துவிடும். கொரியன் அவ்வளவு சீக்கிரம் எழாது, மெதுவாகத்தான் வளரும், வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் லேசாக. முக்கியமாக, சீக்கிரம் விற்கப் போகிற பாத்தியில் மெஷினை இறக்காதீர்கள். விற்க வெட்டி எடுக்கிற புல் பாளத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பதே அந்த ஓடுதண்டுதான், அறுத்துவிட்டால் தூக்கும்போது உதிர்ந்துபோகும். கொரியனை முதலில் ஓட்டிவிட்டு அப்புறம் அருகுக்குப் போங்கள். மாற்றிச் செய்தால் கத்தியில் சிக்கிய அருகுத் துணுக்கு கொரியன் பாத்தியில் வேர்விட்டுவிடும்.

முடிந்ததும் சலித்த மணல் மூன்று பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து 3 முதல் 5 மில்லிமீட்டர் தூவி, துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். புதுத் துளிர் தெரிந்ததும் 1000 சதுர அடிக்கு அரை கிலோ யூரியா போட்டு உடனே தண்ணீர் விடுங்கள், மூன்று வாரம் கழித்து இன்னொரு அரை கிலோ. உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இந்த வேலையை மழை கிடைக்கிற வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த மண்ணில் கோரை முளைக்கும், சின்னதாக இருக்கும்போதே கிழங்கோடு எடுத்துவிடுங்கள்.

வாரிய சருகை வரப்பில் கொட்ட வேண்டாம், அருகுத் தண்டு அங்கேயே பிடித்துக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிடும். குழியில் போட்டு மூடி மக்க வையுங்கள். களைக்கொல்லி அடித்த பாத்தியாக இருந்தால் மாட்டுக்கும் போடக் கூடாது.