எண்ணெய் வண்ண ஓவியத்தில் தஞ்சாவூர்த் தங்கம்: ஏன் உரிகிறது?

கேள்வி: அந்தி நேரம், இருட்டுக் கூடம், குத்துவிளக்கின் முன் ஒரு பெண். 24க்கு 36 அங்குல கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். விளக்கும் நகையும் தஞ்சாவூர்ப் பாணியில்: ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சின் மேலேயே சுக்கான் (சுண்ணாம்புக்கல்) மாவில் மக்கு வேலை, அதாவது புடைப்பு வேலை, அதன்மேல் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு). மழைக்காலம் முடிவதற்குள் மக்கு வெடித்துவிட்டது. இருட்டுப் பகுதி திட்டுத்திட்டாக வெளுத்துக் கிடக்கிறது. சரிசெய்ய முடியுமா? (வாசகி, செம்பூர், மும்பை)

பதில்: முடியும். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகைப் படம் என்றே ஒரு பெயர் உண்டு. மரத்தின்மேல் ஒட்டிய துணி அசையாது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ் ஈரத்துக்கு ஏற்பத் தளர்ந்து இறுகும். கோந்தில் குழைத்த சுக்கான் வளையாது, போதாததற்கு ஈரத்தையும் உறிஞ்சும். மும்பை ஜூலையில் அது வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மக்கை மழுங்கிய கத்தியால் ஜெஸ்ஸோ வரை சுரண்டி எடுங்கள். அங்கே அக்ரிலிக் மாடலிங் பேஸ்ட் (புடைப்புக்கான பசைக் கலவை) வையுங்கள், ஒரு தடவைக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். எண்ணெய் வண்ணத்தின் மேல் ஏறினால் அதுவும் உரியும். காய்ந்ததும் சிவப்பு ஆக்சைடு அக்ரிலிக் ஒரு பூச்சு, பிறகு எண்ணெய் கோல்டு சைஸ் (ரேக்கை ஒட்டும் பசை). விரல் முட்டியால் தொட்டால் லேசாக இழுக்க வேண்டும், கையோடு வரக்கூடாது; அதுதான் ரேக்கு ஒட்டும் பதம். ரேக்கு பக்கத்து வண்ணத்தில் ஒட்டாமலிருக்க, சைஸ் பூசுவதற்கு முன்பே சுற்றிலும் டால்கம் பவுடர் தூவித் துடைத்துவிடுங்கள். 22 காரட் ரேக்கு கறுக்காது. பித்தளை ரேக்கானால் மேலே ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசாமல் விடாதீர்கள், கடல் காற்றில் பச்சை பிடித்துவிடும்.

வெளுத்த திட்டுகள் நிறம் மங்கியதால் வந்தவை அல்ல. அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். விரலில் ஒரு சொட்டு லின்சீட் ஆயில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், இருட்டு திரும்பி வரும். வண்ணம் நன்றாகக் காய்ந்திருந்தால், லின்சீட் ஆயிலும் டர்பன்டைனும் சம அளவு கலந்து தடவி, பழைய வேட்டித் துணியால் மிச்சமில்லாமல் துடையுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மக்கு நிலைத்தாலும் உங்கள் விளக்கு எரியாது. தஞ்சாவூர்ப் படத்தில் நிழல் விழாது, ஒளி ஒரு பக்கமிருந்து வருவதில்லை. அதனால் தங்கம் அங்கே பொருந்துகிறது. உங்கள் படத்தில் ஒளி சுடரிலிருந்து வர வேண்டும். ரேக்கோ அறையின் டியூப்லைட்டுக்குத்தான் மின்னும், இரண்டடி நகர்ந்து பார்த்தால் இருட்டாகத் தெரியும். ரவி வர்மா (1848–1906) நகையையும் சரிகையையும் வண்ணத்தாலேயே மின்ன வைத்தவர். ரேக்கை விளக்கின் தண்டோடு நிறுத்துங்கள். கழுத்து நகைக்கு மஞ்சள் ஓக்கரும் தடித்த வெளிச்சப் புள்ளிகளும் போதும். சுடருக்கு டைட்டேனியம் வெள்ளையில் துளி காட்மியம் மஞ்சள். பின்னணியில் கறுப்பைத் தவிர்த்து, அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் கலந்து பாருங்கள்.

மாட்டும்போது சுவருக்கும் கேன்வாஸுக்கும் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், இல்லையேல் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.