பூத்தால் செடி செத்துவிடுமா?

கேள்வி: எங்கள் வீடு கோத்தகிரியில். மஞ்சள் கரை போட்ட ஸ்நேக் பிளான்ட் ஒன்றை ஐந்தாறு வருடமாக ஒரே பிளாஸ்டிக் தொட்டியில் வளர்க்கிறேன். இந்த ஏப்ரலில்தான் முதல்முறையாகப் பூத்தண்டு விட்டிருக்கிறது. தொட்டியும் ஒரு பக்கம் பிளந்துவிட்டது. "பூத்தால் செடி செத்துப்போகும், தண்டை வெட்டிவிடு" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. தண்டில் பிசுபிசுவென்று ஏதோ வடிகிறது, நோயோ என்று பயமாக இருக்கிறது. கோவையில் இருக்கும் தங்கைக்காகப் போன வருடம் ஓர் இலையை வெட்டி நட்டேன். வந்த கன்று வெறும் பச்சை! தொட்டியில் இடமில்லாததால் தேயிலைத் தோட்டத்து வேலியோரம் தரையில் நட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: தண்டை வெட்டாதீர்கள் அம்மா. உங்கள் செடி சாகப்போவதில்லை.

அக்கா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. எந்த இலைக்கொத்தின் நடுவிலிருந்து பூத்தண்டு வந்ததோ, அந்தக் கொத்து இனிப் புது இலை விடாது. இருக்கிற இலைகள் மட்டும் பல வருடம் அப்படியே நிற்கும். ஆனால் மண்ணுக்குள் ஓடும் கிழங்கு உயிரோடுதான் இருக்கிறது, பக்கக் கன்றுகளை அது தள்ளிக்கொண்டே இருக்கும். வாழை குலை தள்ளிய பிறகும் பக்கக் கன்று வருகிறதே, அதே மாதிரிதான்.

பிசுபிசுப்பும் நோயில்லை. சாயங்காலம் இருட்டத் தொடங்கும்போது ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பகலில் குச்சி குச்சியாக மூடிக் கிடந்த மொட்டுகள் பிரிந்து, பச்சை கலந்த வெள்ளை இதழ்கள் பின்னால் சுருண்டிருக்கும். மகரந்தத் தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காம்புகளின் அடியில் கண்ணாடி மணியாய்த் துளித் துளியாய் நிற்பது தேன். விரலில் தொட்டால் ஒட்டும். எறும்பு வந்தால் வரட்டும், செடிக்கு ஒன்றும் ஆகாது. ராத்திரிதான் வாசனை கூடும், அந்துப்பூச்சிகளை அழைப்பதற்காக. பல வீடுகளில் இந்தச் செடி பூக்காமலே இருக்கிறது. வயது முதிர்ந்து, வேர் தொட்டியை அடைத்து, நல்ல வெளிச்சமும் கிடைத்தால்தான் பூக்கும். உங்களுடையதற்கு மூன்றும் சேர்ந்து வாய்த்திருக்கிறது. ஆசை தீரப் பார்த்துவிட்டு, பூவெல்லாம் வாடிய பிறகு தண்டை அடியோடு வெட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் தொட்டி. மே முடிவதற்குள், மழையில்லாத நாளாகப் பார்த்துப் பிரித்துவிடுங்கள். பிளந்த தொட்டியைக் கத்தியால் கீறியே எடுங்கள், செடியை இழுக்க வேண்டாம். மண்ணை உதிர்த்தால் கட்டைவிரல் தடிமனில் கிழங்கு தெரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று இலையும் கொஞ்சம் வேரும் இருக்கும்படி கூர்மையான கத்தியால் வெட்டி, வெட்டு வாய் காயும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு வையுங்கள். பிறகு அடியில் ஓட்டையுள்ள மண் தொட்டியில் நடுங்கள். செம்மண் பாதி, மணலும் செங்கல் பொடியுமாகப் பாதி, ஒரு கைப்பிடி மட்கிய தொழுஉரம் போதும். நட்டு ஒரு வாரம் தண்ணீரே வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், மலையில் இந்தச் செடி போவது பெரும்பாலும் அதனால்தான். இது மேற்கு ஆப்பிரிக்காவின் வெப்பத்தில் பிறந்தது. பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு ராத்திரியில் திறந்து மூச்சுவிடும், அதனால் தண்ணீர் மிகக் குறைவாகத்தான் செலவாகும். வாரம் ஒருமுறை ஊற்றுங்கள் என்று சமவெளிக்காரர்கள் சொல்வதை இங்கே கேட்கக் கூடாது. கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்து வரும் மாதங்களில் தொட்டி மண் காயவே காயாது. ஈரமும் குளிரும் கூடினால் இலையின் அடிப்பகுதி கொழகொழவென்று ஆகி, தொட்டதும் கையோடு வந்துவிடும். விரலை மண்ணில் முழுதாக விட்டுப் பாருங்கள், அடிவரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். டிசம்பர், ஜனவரியில் மாதம் ஒருமுறைகூட அதிகம்தான். 10 டிகிரிக்குக் கீழே போனால் செடிக்குக் கஷ்டம், உறைபனி பட்டால் இலை கருகிவிடும். அந்த மாதங்களில் தொட்டியை வெயில் விழும் ஜன்னலுக்குள் எடுத்து வையுங்கள். ராத்திரியில் இலை குளிர்ந்த கண்ணாடியில் பட வேண்டாம்.

இலையிலிருந்து வந்த பச்சைக் கன்றுக்கு நீங்கள் காரணமில்லை. இந்த ரகத்தில் மஞ்சள் ஓரமும் பச்சை நடுவும் வெவ்வேறு திசுக்கள். வெட்டிய இலையில் புதுக் கன்று பச்சைத் திசுவிலிருந்து எழுவதால் கரை வராது. மஞ்சள் கரை வேண்டுமென்றால் கிழங்கைப் பிரித்து நடுவது ஒன்றுதான் வழி.

வேலியோரம் மட்டும் நடாதீர்கள், இது என் வேண்டுகோள். உங்கள் தொட்டியைப் பிளந்த அதே கிழங்கு தரையில் எல்லை தெரியாமல் ஓடும். பிடுங்கினாலும் உடைந்த துண்டு மறுபடி முளைக்கும். வெளியிலிருந்து கொண்டுவந்த உண்ணிச்செடியும் சீகை மரமும் நீலகிரியின் புல்வெளியையும் காட்டையும் எப்படி விழுங்கின என்று நீங்களே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இதுவும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை, ஆனால் கோத்தகிரிக்குக் கீழே மேட்டுப்பாளையம் பக்கம் இறங்க இறங்கச் சூடு கூடுகிறது, குளிர் அங்கே இதைத் தடுக்காது. பிரிக்கும்போது மிஞ்சும் துண்டுகளையும் ஓடையிலோ சரிவிலோ கொட்டாமல் வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். நாயோ பூனையோ இருந்தால் எட்டாத இடத்தில் வைப்பது நல்லது. இலையில் சபோனின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது, கடித்தால் வாந்தி எடுக்கும்.

தங்கைக்கு மஞ்சள் கரையோடு ஒரு துண்டும், அந்தப் பச்சைக் கன்றும் சேர்த்தே கொடுங்கள். இரண்டுமே கோவைச் சூட்டில் இங்கேவிடச் சீக்கிரம் வளரும். அங்கே வெயில் காலத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் அதுவும் தேவைப்படாது.