140 நகரவில்லை

அன்புள்ள ஐயா,

வயது 38. இரண்டு வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். தரையில் கிடக்கும் பாரை இடுப்பு வரை தூக்கும் டெட்லிஃப்டில் 120 கிலோவை ஐந்து முறை தூக்குவேன். ஒரே ஒரு முறை என்றால் 140 வரும் என்று கணக்கு சொன்னது. யாரும் பார்க்க வேண்டாமென்று விடிகாலையில் தனியாகப் போய் முயன்றேன். தரையை விட்டு அசையவே இல்லை. இத்தனை நாள் உழைத்ததெல்லாம் பொய்யோ என்றிருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். எடையை, அதைத் தூக்கிய தடவையால் பெருக்கி, முப்பதால் வகுத்து, வந்ததை எடையோடு கூட்ட வேண்டும். உங்களுக்கு 140 பிசகாமல் வருகிறது, தாளில். ஆனால் ஐந்து ஐந்தாகத் தூக்கிப் பழகிய உடம்புக்கு ஒற்றைத் தூக்கு தனி வித்தை. 120லிருந்து நேராக 140க்குத் தாவினீர்களா? நடுவே 130ல் ஒன்று, நாலைந்து நிமிட ஓய்வு, அப்புறம் 135 என்று ஏறிப் பார்த்திருக்கலாம்.

சரி, அதை விடுங்கள். என்னை உறுத்தியது 'யாரும் பார்க்க வேண்டாம்' என்ற வரிதான்.

நானும் அந்த ரகம். சில வருடங்களுக்கு முன், மல்லாந்து படுத்து பாரை நெஞ்சுக்கு மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் 80 கிலோ முயன்றேன். பாதியில் நின்ற பார், மெல்ல இறங்கி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. நாலடி தள்ளி இரண்டு பையன்கள். "தம்பி, கொஞ்சம் பிடிப்பா" என்றால் முடிந்தது. வாய் வரவில்லை. நல்லவேளை, தட்டுகள் கழலாமல் பிடிக்கும் கிளிப் மாட்டவில்லை. பாரைச் சாய்த்துத் தட்டுகளைச் சரித்துத் தப்பினேன். அந்தச் சத்தத்தில் மொத்த ஜிம்மும் திரும்பிப் பார்த்தது. மூச்சு முட்டும்போதுகூட ஆளைக் கூப்பிடாதவன் நான் என்று வீட்டில் வந்து வியப்போடு சொன்னேன். "இது உங்களுக்கு இன்றைக்குத்தான் தெரியுமா?" என்றாள் மனைவி.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் பளுதூக்கும் வீராங்கனை கர்ணம் மல்லேஸ்வரி, ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் 110 கிலோ, தோள் வரை தூக்கிப் பிறகு மேலே தள்ளும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130 கிலோ தூக்கிவிட்டு, கடைசி முயற்சிக்கு 137.5 கேட்டார். தங்கத்துக்கான எடை அது. அத்தனை பேர் முன்னால் தவறியது. அன்று கிடைத்த வெண்கலம்தான் ஒலிம்பிக்கில் இந்தியப் பெண் ஒருவர் வென்ற முதல் பதக்கம்.

இரண்டு மாதம் பயிற்சி செய்துவிட்டு, ஒரு மாலையில், ஜிம்மில் கூட்டம் இருக்கும்போது போங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "140 பார்க்கப் போறேன், கொஞ்சம் நில்லுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டெட்லிஃப்ட் வராவிட்டால் கையை விட்டால் போதும், நெஞ்சில் ஏறி உட்காராது. என்ன ஆனதென்று எழுதுங்கள்.