சர்க்கரையை மறைத்ததாகக் கிளைம் மறுப்பு: கோபத்தில் பாலிசியை விட்டுவிடாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 53. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்து மூன்று வருடம் பத்து மாதம் ஆகிறது. ஒரு முறைகூடத் தவறாமல் புதுப்பித்திருக்கிறோம். படிவத்தைப் பூர்த்தி செய்தது ஏஜென்டாக இருக்கும் என் சித்தப்பா மகன். நாலு மாதத்துக்கு முன் கணவருக்கு நெஞ்சுவலி வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பில் 5,80,000 ரூபாய். ‘எட்டு வருடமாக இருந்த சர்க்கரை நோயை மறைத்துவிட்டீர்கள்’ என்று சொல்லிக் கம்பெனி கிளைமை மறுத்துவிட்டது. நகையை அடகு வைத்துத்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அன்று இரவு பில்லிங் கவுன்டரில் எங்களை நடத்திய விதத்தை மறக்க முடியவில்லை. அந்த எட்டு வருடம் என்பது அவசர சிகிச்சைப் பிரிவில் என் கொழுந்தன் பதற்றத்தில் சொன்னது. ஏஜென்டிடம் ‘லேசாக சர்க்கரை இருக்கிறது’ என்று அப்போதே சொன்னோம். அவர்தான் ‘பார்டர்லைன் எல்லாம் எழுத வேண்டாம்’ என்றார். இப்போது போனை எடுப்பதில்லை. ஏஜென்ட் மேல் கிரிமினல் கேஸும், கம்பெனி மேலும் மருத்துவமனை மேலும் 25 லட்சம் நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் நீதிமன்றத்தில் கேஸும் போடலாமா? ‘இரண்டு வருடமாக சர்க்கரை’ என்று திருத்திக் கடிதம் வாங்கித் தருவதாகக் கொழுந்தன் சொல்கிறார். இனி அந்தக் கம்பெனிக்கு ஒரு பைசாகூடக் கட்டப் போவதில்லை.

பதில்: நீங்கள் பட்ட கஷ்டம் புரிகிறது. ஆனால் கவுன்டரில் நடந்தது, போனை எடுக்காத உறவினர், நகை எதுவும் இந்தக் கேஸைத் தீர்மானிக்காது. பார்க்க வேண்டியது ஒன்றுதான். பாலிசி கேட்டு விண்ணப்பித்த புரொபோசல் படிவத்தில் உங்கள் கணவர் கையெழுத்துப் போட்ட அன்று தனக்கு சர்க்கரை இருப்பது அவருக்குத் தெரியுமா? தெரியும் என்று காட்டும் காகிதம் ஏதாவது இருக்கிறதா?

உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கும் ஒரு வரி என்னைக் கவலைப்பட வைக்கிறது. ‘ஏஜென்டிடம் அப்போதே சொன்னோம்’ என்கிறீர்கள். அது உங்களுக்குச் சாதகம் என்று நினைக்கிறீர்கள். கம்பெனி வக்கீல் அதே வரியைக் காட்டி ‘பாலிசி எடுக்கும் முன்பே தெரியும் என்று அவர்களே சொல்கிறார்களே’ என்பார். படிவத்தை ஏஜென்ட் பூர்த்தி செய்தார், நாங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டோம் என்ற வாதத்தை நம்பி இறங்க வேண்டாம். 2019-இல் ஒரு ஆயுள் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு என்றது. ஏஜென்ட் மேல் கிரிமினல் புகார் கொடுத்தால் பணம் வராது. நீங்களே கையெழுத்திட்ட ஒப்புதல் வாக்குமூலம்தான் மிஞ்சும்.

அதற்காகத் தெரியவே தெரியாது என்று பொய் சொல்லச் சொல்லவில்லை. முதலில் புரொபோசல் படிவத்தின் நகலைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேள்வி எப்படிக் கேட்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துப் பல கேஸ்கள் மாறிவிடும். ‘சர்க்கரை நோய்க்கு சிகிச்சை எடுத்திருக்கிறீர்களா’ என்று மட்டும் கேட்டிருந்து, அன்று வரை அவர் மாத்திரை எதுவும் சாப்பிடாமல் டாக்டர் சாப்பாட்டில் கவனம் வைக்கச் சொன்ன நிலையில் மட்டும் இருந்திருந்தால், ‘இல்லை’ என்ற பதில் பொய் ஆகாது. அப்புறம், முதல் மருந்துச் சீட்டையும் பழைய ரத்தப் பரிசோதனைகளையும் தேடி எடுங்கள். மாத்திரை பாலிசிக்குப் பிறகுதான் ஆரம்பித்தது என்று காட்ட முடிந்தால் உங்கள் கை ஓங்கும். மறைத்தார் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் கம்பெனியுடையது. யார் சொன்னார் என்றே தெரியாமல் கேஸ் ஷீட்டில், அதாவது மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவில், எழுதப்பட்ட ஒரு வரி மட்டும் அதற்குப் போதாது என்று நுகர்வோர் ஆணையங்கள் (நீங்கள் சொல்லும் நுகர்வோர் நீதிமன்றங்கள்) பல முறை சொல்லியிருக்கின்றன.

மாத்திரை முன்பே ஆரம்பித்திருந்தால் நிலைமை வேறு. சர்க்கரையையும் சிறுநீரகக் கோளாறையும் மறைத்த ஒரு மருத்துவக் காப்பீட்டு வழக்கில், கிளைமை மறுத்தது சரி என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறைத்த நோய்க்கும் சிகிச்சை பெற்ற நோய்க்கும் சம்பந்தம் இல்லாதபோது கம்பெனிகள் தோற்றிருக்கின்றன. ஆனால் சர்க்கரைக்கும் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று எந்த டாக்டரும் சாட்சி சொல்ல மாட்டார். ‘மூன்று வருடம் தாண்டிவிட்டால் கேள்வி கேட்க முடியாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது காப்பீட்டுச் சட்டத்தில் ஆயுள் காப்பீட்டுக்கான 45-ஆம் பிரிவு. மருத்துவக் காப்பீட்டில், 2024-இல் வந்த விதிகளின்படி, இடைவெளி இல்லாமல் 60 மாதம் முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகு மோசடியை நிரூபித்தால் மட்டுமே கம்பெனி கிளைமை மறுக்க முடியும். நீங்கள் இன்னும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

இப்போது கொழுந்தன் வாங்கித் தருவதாகச் சொல்லும் கடிதத்துக்கு வருகிறேன். இதைத்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. என்னிடம் வரும் காப்பீட்டுக் கேஸ்களில் கட்சிக்காரர்கள் தாங்களாகவே போய் விழும் குழி இதுதான். கம்பெனியின் விசாரணையாளர் மறுப்புக் கடிதம் போவதற்கு முன்பே மருத்துவமனைக்குப் போய் டிஸ்சார்ஜ் சம்மரி, கேஸ் ஷீட், அட்மிஷன் நோட் எல்லாவற்றையும் நகல் எடுத்து, மருத்துவமனை முத்திரையோடு வாங்கி வைத்திருப்பார். அதில் ‘8’ இருக்கும். மறுப்புக்குப் பிறகு தேதியிட்ட உங்கள் கடிதத்தில் ‘2’ இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் அப்புறம் உங்கள் தரப்பில் எந்த ஆவணத்தையும் ஆணையம் நம்பாது, நிஜமாகவே உங்களுக்குச் சாதகமான பழைய மருந்துச் சீட்டு உட்பட. எழுதிக் கொடுத்த டாக்டரைக் குறுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டால் ‘உறவினர் கேட்டதால் எழுதினேன்’ என்பார். அதுவரை உங்கள் மேல் இருந்தது வெறும் தகவல் மறைப்பு. அந்த நிமிடம் முதல் மோசடி. பொய் ஆவணம் என்று தெரிந்தே அதை நிஜம்போலப் பயன்படுத்துவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 340-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம் வேறு. 60 மாதம் முடிந்தாலும் உங்களைக் காப்பாற்றாத ஒரே விஷயம் மோசடிதான் என்று மேலே சொன்னேன். அதை நீங்களே கம்பெனியின் கையில் கொடுக்கப் போகிறீர்களா?

கொழுந்தன் நிஜமாகவே பதற்றத்தில் தப்பாகச் சொன்னார் என்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது. என்ன சொன்னார், ஏன் அப்படிச் சொன்னார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்று அவரே பிரமாணப் பத்திரம் கொடுக்கட்டும். மருத்துவமனையின் பழைய பதிவில் யாரும் கை வைக்க வேண்டாம். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளின் நகலைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை. மருத்துவமனை மேல் கேஸ் போட்டால் உங்களுக்கு வேண்டிய அதே கேஸ் ஷீட்டை எதிரியிடமிருந்து கேட்க வேண்டி வரும். அவர்களை விட்டுவிடுங்கள்.

அடுத்த குழி புதுப்பித்தல். இன்னும் இரண்டு மாதத்தில் பிரீமியம் தேதி வருகிறது. ‘ஒரு பைசாகூடக் கட்டப் போவதில்லை’ என்ற கோபத்தில் அதைத் தவற விட்டால், நாலு வருடத் தொடர்ச்சி போய்விடும். இரண்டு ஸ்டென்ட் வைத்த 53 வயதுக்காரருக்குப் புது பாலிசி கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எந்த ஏஜென்டையும் கேட்டுப் பாருங்கள். கிடைத்தாலும் இதயத்துக்குக் காத்திருப்புக் காலம், அதாவது முன்பே இருந்த நோய்க்குக் கிளைம் கிடைக்காத காலம், முதலிலிருந்து தொடங்கும். இந்த 5,80,000 போனால் ஒரு முறை போகும். பாலிசி போனால் அடுத்த அடைப்பும் உங்கள் கைக்காசில்தான். கேஸ் நடக்கட்டும், பிரீமியத்தைக் கட்டுங்கள், ‘கிளைம் தொடர்பான என் உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தகவல் மறைப்பைக் காரணம் காட்டி அவர்கள் புதுப்பிக்க மறுக்கவோ உங்கள் கணவர் பெயரை நீக்கவோ முடியும். அப்படி நோட்டீஸ் வந்தால் அன்றே பதில் போக வேண்டும்.

எனவே என் யோசனை, சமரசம். மறுப்பை எதிர்த்துக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே பலன் இல்லையென்றால் ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுப் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரியான காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் போங்கள். 50 லட்சம் வரை அங்கே கேட்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. இரு தரப்பும் சம்மதித்தால் அவரே மத்தியஸ்தம் செய்வார். கோபத்தில் முதலிலேயே நுகர்வோர் ஆணையத்தில் கேஸ் போட்டுவிட்டால், அது நிலுவையில் இருக்கும் வரை இந்தக் கதவு மூடிவிடும். ஆணையத்துக்கு இரண்டு வருட அவகாசம் இருக்கிறது, அவசரம் இல்லை. 25 லட்சத்தை மறந்துவிடுங்கள். மன உளைச்சலுக்குப் பெரும்பாலும் ஆயிரங்களில்தான் தருகிறார்கள்.

பேசும்போது உங்கள் கையில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. முன்பே இருந்த நோய்க்கு இப்போது அதிகபட்சக் காத்திருப்பு 36 மாதம்தான். சர்க்கரையை அன்றே எழுதியிருந்தாலும் ஸ்டென்ட் வைத்த நாளில் அந்தக் காலம் முடிந்திருக்கும். கூடினால் பிரீமியம் கொஞ்சம் ஏறியிருக்கும். அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொண்டு தரச் சொல்லுங்கள். பாலிசியின் வார்த்தைகளில் 48 மாதம் என்று பழையபடி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டு பாலிசிக்கு முந்தையது என்று தெரிந்தால், பாதி கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் நான் என் கட்சிக்காரரிடம் சொல்வேன்.

பணம் தரும்போது ‘முழுமையான இறுதித் தீர்வு’ என்று அச்சடித்த வவுச்சர் நீட்டுவார்கள். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று பிறகு சொல்லலாம், ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். ஆகவே கையெழுத்துக்கு முன், கணவரின் பெயரோடு பாலிசி தொடரும், சர்க்கரை இனி அறிவிக்கப்பட்ட நோயாகப் பதிவாகும், முந்தைய வருடங்களின் தொடர்ச்சி அப்படியே இருக்கும் என்ற மூன்றையும் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். அது வராமல் வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள்.