ஏழு வயதுப் பெண் குழந்தைக்கு மார்பு வளர ஆரம்பித்திருக்கிறது. டாக்டரிடம் போக வேண்டுமா, காத்திருக்கலாமா?

இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ தட்டுப்படுகிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறாள், வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது ஒன்பது மாதம். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது கையில் பட்டது. பூச்சிக்கடி என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் மறுபக்கமும் வந்துவிட்டது. அருகில் இருந்த ஒரு மருத்துவமனையில் காட்டினோம். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான்" என்று டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நானும் நான்கு மாதம் சும்மா இருந்துவிட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

காத்திருக்காதீர்கள். பெண்ணுக்கு எட்டு வயதுக்கு முன்பும், பையனுக்கு ஒன்பது வயதுக்கு முன்பும் பருவ மாற்றம் தெரிந்தால் குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதுவரை அந்த இடத்தை அழுத்துவது, ஒத்தடம் கொடுப்பது எதுவும் வேண்டாம். கட்டி என்று பயந்து யாரும் கீறிப் பார்க்கவும் விடாதீர்கள். நாளைக்கு மார்பாக வளர வேண்டிய மொட்டு அதுதான். அதைச் சேதப்படுத்தினால் பிறகு வளராது.

நான்கு மாதம் கழித்து நாங்கள் பார்த்த ஹார்மோன் டாக்டர் முதலில் கேட்டது மார்பைப் பற்றி இல்லை. "ஒரு வருஷத்தில் எவ்வளவு உயரம் கூடியிருக்கிறாள்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் ஜூனில் முழங்காலுக்குக் கீழே தொங்கிய யூனிஃபார்ம் அரைப் பரீட்சை லீவுக்குள் மேலே ஏறிவிட்டது ஞாபகம் வந்தது. நல்ல வளர்த்தி என்று எல்லோரும் சொல்ல, நான் பூரித்துப் போயிருந்தேன். விஷயமே அதில்தான் இருந்திருக்கிறது. பருவ ஹார்மோன் முன்கூட்டியே சுரந்தால் குழந்தை மளமளவென்று உயரும். கூடவே எலும்பும் சீக்கிரம் முற்றும். எலும்பின் வளரும் முனைகள் மூடிக்கொண்டால் அதற்கு மேல் உயரம் கிடையாது. வகுப்பில் எல்லோரையும் விட உயரமாக இருந்த பெண், வளர்ந்து முடித்ததும் குள்ளமாக நின்றுவிடலாம்.

அதனால் முதல் சோதனை இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே. எலும்பு எந்த வயதுக்கு உரிய அளவு முற்றியிருக்கிறது என்று அதில் தெரியும்; அதுதான் எலும்பு வயது. என் மகளின் எலும்பு வயது ஒன்பதரை என்று வந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, சின்னச் சின்ன எலும்புகளை ஒவ்வொன்றாக டாக்டர் காட்டியபோது எனக்குக் கை நடுங்கியது.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. சினைப்பையைத் தூண்டும் எல்ஹெச் என்ற ஹார்மோன், பருவ மாற்றத்தின் ஆரம்பத்தில் பெரும்பாலும் இரவில்தான், அதுவும் விட்டு விட்டுச் சுரக்கும். பகலில் ஒரு தடவை ரத்தம் எடுத்தால் அதில் தெரியாமல் போய்விடலாம். சந்தேகம் இருந்தால் ஒரு ஊசி போட்டுத் தூண்டிவிட்டு, குறித்த நேரங்களில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். ஒரே தடவை கையில் ஊசிக்குழாய் பொருத்திவிடுவதால் திரும்பத் திரும்பக் குத்த மாட்டார்கள். இதைக் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கர்ப்பப்பை, சினைப்பை ஸ்கேனும் தைராய்டு சோதனையும் சேர்ந்தே நடக்கும். ஆறு வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைகளுக்கும், எந்த வயதாக இருந்தாலும் இப்படி முந்திவிட்ட பையன்களுக்கும் மூளை எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். பையன்களுக்கு இதற்குப் பின்னால் ஒரு நோய்க் காரணம் இருக்கும் வாய்ப்பு அதிகம். பெண்களில் பெரும்பாலோருக்குக் காரணம் எதுவும் அகப்படாது. ஆறு வயது தாண்டியிருந்தும் என் மகளுக்கும் எம்ஆர்ஐ எடுத்தார்கள்; அதில் ஒன்றும் இல்லை. உங்கள் மகளுக்குத் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு இருந்தால் டாக்டர் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.

எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. சிலருக்கு மார்பு மட்டும் லேசாக வளர்ந்து நின்றுவிடும். உயரமும் எலும்பும் தாவாது. அவர்களை மூன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்தாலே போதும். என் மகளுக்கு எலும்பு வேகமாக ஓடியதால் லூப்ரோலைடு ஊசி ஆரம்பித்தார்கள், 28 நாளுக்கு ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. செலவு மாதம் சில ஆயிரம் வரும். முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்ஹெச்சைச் சுரப்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பி. மூளையிலிருந்து விட்டு விட்டுச் சமிக்ஞை வந்தால்தான் அது வேலை செய்யும். இந்த மருந்து ஓயாமல் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும்; கொஞ்ச நாளில் பிட்யூட்டரி கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தொடக்கத்தில் மட்டும் ஒரு எழுச்சி இருக்கும். முதல் ஊசிக்குப் பிறகு சில பெண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் ரத்தம் படலாம். என் மகளுக்கும் பட்டது. டாக்டர் சொல்லியிருந்ததால் பதறவில்லை.

"பெரியவளாவதைத் தடுத்தால் நாளைக்குக் குழந்தை பிறக்குமா?" என்று என் மாமியார் அழுதுவிட்டார். அடுத்த ஊசிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். "தடுக்கலம்மா, தள்ளி வைக்கிறோம். நிறுத்தினா தானா வரும்" என்றார் டாக்டர். பதினொரு வயதில் நிறுத்தினோம். பன்னிரண்டு வயது நான்கு மாதத்தில் வயதுக்கு வந்தாள். மாமியார்தான் உளுந்தங்களி கிண்டினார்.

பிராய்லர் கோழி வாங்கிக் கொடுத்ததால்தான் என்று உறவில் பலர் என் மீது பழி போட்டார்கள். அந்தக் கோழி சீக்கிரம் வளர்வது இனத்தாலும் தீவனத்தாலும். ஹார்மோன் ஊசியால் இல்லை. உடல் பருமனான பெண் குழந்தைகளுக்குப் பருவம் கொஞ்சம் முந்துவது உண்மை. என் மகளோ ஒல்லி. இந்தப் பேச்சைக் கேட்டு நீங்கள் நொந்துபோக வேண்டாம்.

அவளிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். "உன் உடம்பு கொஞ்சம் அவசரப்படுது, மெதுவாப் போகச் சொல்லி மருந்து கொடுக்கிறோம்" என்றேன். அது அவளுக்குப் போதுமாக இருந்தது. மார்பு தெரிந்தாலும் அவள் ஏழு வயதுக் குழந்தைதான். "இனிமே ஓடாதே, பையன்களோடு விளையாடாதே" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் போகும்போது தடுப்பூசி அட்டை, பள்ளி ரிப்போர்ட் கார்டு, எதில் பழைய உயரம் குறித்திருந்தாலும் எடுத்துப் போங்கள். நீங்களும் உங்கள் கணவரும் எவ்வளவு உயரம், நீங்கள் எந்த வயதில் வயதுக்கு வந்தீர்கள் என்றும் கேட்பார்கள்.