வெட்டுத்துணியில நானோவா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், பழைய வண்ணாரப்பேட்டைல எங்க வீட்டுக்காரர் டெய்லர் கடை வெச்சிருக்கார், வாரம் ஒரு மூட்டை வெட்டுத்துணி சேருது. கெமிஸ்ட்ரி படிக்கிற என் பையன் இதுல நானோ செல்லுலோஸ் எடுக்கலாம், மொட்டை மாடிலயே செஞ்சு பாக்குறேன்னு நிக்கிறான். நெசமாவே முடியுமா?
– ஒரு வாசகி

பதில்: முடியும்க்கா, ஆனா மொட்டை மாடில வேணாம். பருத்தில 90 சதவீதத்துக்கு மேல செல்லுலோஸ்தான், அதாவது செடியோட நார் ஆகியிருக்குற பொருள்; அத கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு பொடிசா பிரிச்சா நானோ செல்லுலோஸ். உங்க ஏரியால கஞ்சி போட்ட வேட்டி தெரியாதவங்க இருக்க மாட்டாங்க, அந்தக் கஞ்சியும் பஞ்சும் ரெண்டுமே குளுக்கோஸ் கோர்த்த மாலைதான், கோர்த்த விதம்தான் வேற, அதான் கஞ்சி தண்ணில கரையுது, வேட்டி கரையல. பஞ்சு நாருல சில இடம் நெருக்கமா அடுக்கியிருக்கும், சில இடம் கலஞ்சு கெடக்கும். 64 சதவீத சல்பூரிக் ஆசிட்ல 45 டிகிரில முக்கா மணி நேரம் கலக்குனா கலஞ்ச இடம் மட்டும் அறுந்து போயி நெருக்கமான இடம் குட்டிக் குட்டி குச்சியா மிஞ்சும், அதுதான் நானோ செல்லுலோஸ். அகலம் 5லேர்ந்து 20 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்), நம்ம தலமுடி 80,000ன்னு வெச்சுக்கங்க. சூடு கொஞ்சம் ஏறுச்சுன்னா மொத்தமும் கருகிடும். அப்புறம் அத நெறைய குளிர்ந்த தண்ணில ஊத்தி நிறுத்தி, சென்ட்ரிஃப்யூஜ்ங்கிற வேகமா சுத்திப் பிரிக்கிற மெஷின்ல சுத்தி, ஜவ்வுப் பையில கட்டி ஆசிட் போற வரைக்கும் நாள் கணக்கா தண்ணி மாத்தணும். கடைசில கெடைக்கிறது நீர்த்த கஞ்சி மாதிரி ஒன்னு. அத தட்டுல ஊத்தி மெதுவா காயவிட்டா சாயமே இல்லாம மயில் கழுத்து மாதிரி நெறம் மாறுற ஏடு வரும், பாக்க அவ்ளோ அழகு!

கணக்கு போட்டாதான் சிக்கல் தெரியும். ஒரு கிராம் பஞ்சுக்கு சுமாரா பத்து மில்லி ஆசிட், அப்ப ஒரு கிலோ துணிக்கு பத்து லிட்டர், அத எங்க ஊத்துவான்? பேருல காட்டன் இருக்குன்னு உங்க ஏரியா கேப்டன் காட்டன் கால்வாய்ல விட முடியுமா, ஏற்கனவே அது படுற பாடு போதும். மேல பட்டா தோலு போயிடும், கண்ணுல பட்டா கண்ணே போயிடும். காலேஜ் லேப்ல வாத்தியார வெச்சுக்கிட்டு ஒரு கிராம்ல செய்யட்டும். ஆசிட் இல்லாத வழியும் இருக்கு, 1970கள் கடைசில அமெரிக்கால பால்ல கொழுப்பு பிரியாம கலக்குற (ஹோமோஜினைஸ் பண்ற) மெஷின்லயே மரக்கூழ அழுத்தி விட்டு நானோ நார் எடுத்தாங்க. அந்த மாதிரி நார போட்டு ஜப்பான் மிட்சுபிஷி பென்சில் கம்பெனி 2015ல ஜெல் பேனா மையே வித்துச்சு.

இன்னொன்னு, உங்க மூட்டைல பாதி பாலியஸ்டர் கலப்பா இருக்கும். ஒரு நூல கொளுத்திப் பாருங்க, பேப்பர் மாதிரி எரிஞ்சு சாம்பலானா காட்டன், உருகி மணியா நின்னா கலப்பு. வெள்ளை காட்டன தனியா பிரிச்சு வெச்சா மெக்கானிக் ஷெட்காரங்களே வேஸ்ட் துணியா வாங்கிப்பாங்க, இப்போதைக்கு காசு அதுலதான்.

கேள்வி: காசிமேட்டுல இறால் ஓடு மூட்டை மூட்டையா போகுதே, அதுலயும் நானோ எடுக்கலாமா?
– ஒரு வாசகர்

பதில்: எடுக்கலாம் தலைவா. அந்த ஓட்டுல இருக்குறது கைட்டின்ங்கிற நார்ப்பொருள், செடில வர்றது இல்ல, ஆனா செல்லுலோஸுக்கு பங்காளி மாதிரி. முதல்ல ஓட்டுல இருக்குற சுண்ணாம்பையும் புரோட்டீனையும் கழட்டணும், அந்த நாத்தத்துக்கு நான் பொறுப்பில்ல.