பாக்மேன் பேய்களின் பெயர்கள்

கேள்வி: பள்ளி நாட்களில் நான் ஆடிய பாக்மேன் விளையாட்டை இப்போது என் மகள் கைப்பேசியில் ஆடுகிறாள். அதில் துரத்தி வரும் நான்கு பேய்களுக்கும் பிளிங்கி, பிங்கி, இங்கி, கிளைடு என்று பெயர் இருப்பதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். முதல் மூன்று பெயர்களும் ஒரே ஓசையில் முடிய, நான்காவது மட்டும் ஏன் ஒட்டாமல் நிற்கிறது என்று அவள் கேட்கிறாள். இப்பெயர்களுக்குப் பொருள் ஏதும் உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பொருள் உண்டு. ஆனால் அதைக் காண்பதற்கு ஆங்கிலப் பெயர்களைச் சற்றே ஒதுக்கிவிட்டு, விளையாட்டு பிறந்த ஜப்பானிய மொழிக்குப் போக வேண்டும். 1980ஆம் ஆண்டு நாம்கோ நிறுவனத்துக்காக இந்த விளையாட்டை வடிவமைத்த தோரு இவாதானி, நான்கு பேய்களும் ஒரே மாதிரி துரத்தினால் ஆட்டம் சலித்துப்போகும் என்று கருதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயல்பை வகுத்தார். ஜப்பானியப் பதிப்பின் முகப்புத் திரையில் ஒவ்வொரு பேய்க்கும் இரண்டு பெயர்கள் காட்டப்பட்டன. ஒன்று அதன் இயல்பைச் சொல்லும் பெயர், மற்றொன்று செல்லப்பெயர். இயல்புப் பெயர்களைத்தான் நான் இந்த விளையாட்டின் உண்மையான பெயர்கள் என்பேன், ஏனென்றால் ஆடுகிறவர் உயிர் பிழைப்பதற்கு வேண்டிய குறிப்பு அவற்றிலேயே இருக்கிறது.

சிவப்புப் பேயின் இயல்புப் பெயர் 'ஒயிகாகே'. துரத்திச் செல்லுதல் என்பது அதன் பொருள். பாக்மேன் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்தக் கட்டத்தையே குறியாகக் கொண்டு அது வருகிறது. பாக்மேன் வழியெங்கும் தின்றுகொண்டே போகும் புள்ளிகள் குறையக் குறைய அதன் வேகமும் கூடுகிறது. முதல் சுற்றில் 20 புள்ளிகள் மிஞ்சும்போது ஒரு முறையும், 10 புள்ளிகள் மிஞ்சும்போது மறுமுறையும் வேகம் ஏறுவதைக் கவனித்துப் பார்த்தால் நீங்களும் உணரலாம்.

இளஞ்சிவப்புப் பேய் 'மாச்சிபுசே'. நம் வேட்டைக்காரர்களின் பேச்சில் சொன்னால் பதிவிருத்தல், அதாவது இரை வரும் வழியை முன்கூட்டியே அறிந்து அங்கே பதுங்கிக் காத்திருத்தல். இந்தப் பேய் பாக்மேனைக் குறிவைப்பதே இல்லை. பாக்மேன் முகம் திருப்பியிருக்கும் திசையில் நான்கு கட்டங்களுக்கு அப்பால் உள்ள இடத்தையே அது குறிவைக்கிறது. பின்னால் ஒயிகாகே துரத்த, முன்னால் மாச்சிபுசே வந்து வழி மறிக்க, இரண்டுக்கும் இடையில் நாம் அகப்பட்டுக்கொள்கிறோம். இரண்டும் பேசிவைத்துக்கொண்டு வருவதுபோல நமக்குத் தோன்றினாலும், உண்மையில் இந்தப் பேய்க்கு மற்றப் பேய் எங்கே நிற்கிறது என்பதே தெரியாது.

நீலப் பேயின் பெயர் 'கிமகுரே'. மனம் போன போக்கில் நடப்பவர், எப்போது என்ன செய்வார் என்று சொல்ல முடியாதவர் என்று பொருள். நான்கில் மிக நுட்பமானது இதன் கணக்கு. பாக்மேனுக்கு இரண்டு கட்டம் முன்னே ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, சிவப்புப் பேய் நிற்கும் இடத்திலிருந்து அந்தப் புள்ளிவரை ஒரு கோடு இழுத்து, அதே நீளத்துக்கு அந்தக் கோட்டை அப்பாலும் நீட்டினால் எங்கே முடியுமோ, அந்த இடத்தை நோக்கி இது போகிறது. ஆகவே சிவப்புப் பேய் தொலைவில் இருக்கும்போது இது எங்கோ திசைமாறித் திரிகிறது. சிவப்புப் பேய் நெருங்கிவிட்டால் இதுவும் நம்மை நெருங்கிவிடுகிறது. கணக்கு இவ்வளவு ஒழுங்காக இருந்தும், பார்ப்பவர் கண்ணுக்கு அது கிறுக்குத்தனமாகவே தெரிகிறது என்பதால், அந்தப் பெயர் அதற்கு மிகவும் பொருந்துகிறது.

நான்காவது பேய் 'ஒதொபொகே'. தெரிந்தும் தெரியாததுபோல நடிப்பவர் என்று இதற்குப் பொருள் சொல்லலாம். 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா' என்று நாம் யாரைப் பற்றிச் சொல்வோமோ, அவருக்கு ஏற்ற பெயர் இது. எட்டுக் கட்டங்களுக்கு மேல் தள்ளியிருக்கும் வரை இந்த ஆரஞ்சு நிறப் பேயும் சிவப்புப் பேயைப் போலவே நம்மை நோக்கி வருகிறது. எட்டுக் கட்டத்துக்குள் வந்ததும் திடீரென்று அக்கறை இழந்ததுபோல இடப்பக்கக் கீழ்மூலைக்குத் திரும்பிவிடுகிறது. அப்படித் திரும்பும் வழியில் நாம் நின்றுவிட்டால் நம் கதை முடிந்தது. அது விலகிப் போகிறது என்று நம்பி ஏமாந்தவர்கள் மிகப் பலர்.

இனி உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். ஜப்பானியச் செல்லப்பெயர்கள் முறையே அகபெய், பிங்கி, அவொசுகே, குசுதா. 'அக' என்றால் சிவப்பு, 'அவொ' என்றால் நீலம். 'பெய்', 'சுகே' ஆகியவை அங்கே ஆண்பெயர்களின் ஈற்றில் வருபவை. நாம் சிவப்பன், நீலன் என்று பெயரிட்டால் எப்படியோ அப்படித்தான் அவை. பிங்கி என்பது ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்ட நிறப்பெயர். நான்காவதான குசுதாவில் மட்டும் நிறம் இல்லை. 'குசு' என்பது மந்தமாக, தாமதமாகச் செய்பவரைக் குறிக்கும் சொல். ஆகவே மூன்று பேய்கள் நிறத்தால் பெயர் பெற, நான்காவது குணத்தால் பெயர் பெற்று முதலிலேயே தனியாக நின்றது. ஆங்கிலத்தில் மூன்று பெயர்கள் இயைபோடு அமைய, கிளைடு என்ற சாதாரண ஆண்பெயர் தனித்து நிற்பதும் அதே தோற்றத்தைத்தான் தருகிறது. உங்கள் மகள் அதைக் கண்டுபிடித்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஆனால் இயல்புப் பெயர்களை ஆங்கிலத்தில் மாற்றியவர்கள் அவ்வளவு கவனம் காட்டவில்லை. ஒயிகாகே 'நிழல்' ஆயிற்று. அது சரிதான், நிழல்போலத் தொடர்கிறதல்லவா? மாச்சிபுசேயை 'வேகமானது' என்று ஆக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. அது மற்றவற்றைவிட வேகமாக ஓடுவதில்லை. வேகம் கூடுவது சிவப்புப் பேய்க்குத்தான். கிமகுரே 'கூச்சமுள்ளது' ஆயிற்று, ஒதொபொகே 'மந்தமானது' ஆயிற்று. இந்தப் பெயர்களை நம்பி ஆடுகிறவர் இளஞ்சிவப்புப் பேயிடமிருந்து வேகமாக ஓடித் தப்பிக்கப் பார்ப்பார். ஜப்பானியப் பெயரை அறிந்தவரோ, முகத்தைத் திருப்பினாலே அது குறிவைக்கும் இடமும் மாறிவிடும் என்பதைப் புரிந்துகொள்வார். ஒரு பெயரை மொழிபெயர்க்கும்போது இழப்பது ஓசையை மட்டுமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: பாக்மேன் என்ற பெயர் எதிலிருந்து வந்தது? ஒரு துண்டு எடுக்கப்பட்ட பீட்சாவைப் பார்த்து அந்த உருவம் வரையப்பட்டது என்பது உண்மையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பீட்சாக் கதையை இவாதானியே சொல்லியிருக்கிறார். வாயைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்து சதுர வடிவானது. அதன் மூலைகளை வளைத்து உருட்டியதும் அந்த உருவத்துக்கு ஒரு காரணம் என்று அவர் பின்னர் விளக்கினார். எனக்கு இரண்டாவது காரணமே அழகாகப் படுகிறது, ஏனென்றால் பெயரும் வாயிலிருந்தே வந்தது. வாயைத் திறந்து திறந்து மூடி உண்பதை ஜப்பானியர் 'பாகு பாகு' என்பார்கள். நாம் 'லபக் லபக்' என்று விழுங்குவதாகச் சொல்கிறோமே, அதே வகை ஒலிக்குறிப்புச் சொல் அது. இத்தகைய சொற்கள் நிறைந்த தமிழில் வளர்ந்தவருக்கு அந்தப் பெயரின் சுவை விளக்கமில்லாமலே புரியும்.

ஜப்பானில் விளையாட்டு வெளிவந்தபோது அதன் பெயர் 'பக்மேன்'. அமெரிக்காவில் அதை வெளியிட்ட மிட்வே நிறுவனத்துக்கு ஓர் அச்சம் எழுந்தது. விளையாட்டுக்கூடங்களில் நிற்கும் பெட்டியின் மேல் எழுதப்பட்ட பெயரில், 'பி' என்ற முதல் ஆங்கில எழுத்தின் வளைவை யாரேனும் குறும்பர் சுரண்டிவிட்டால் அது 'எஃப்' ஆகி, பெயர் ஆபாசச் சொல்லாகிவிடும். அதனால்தான் உயிரெழுத்தை மாற்றிப் 'பாக்மேன்' என்றார்கள். பின்னர் ஜப்பானும் அதே பெயரை ஏற்றுக்கொண்டது.

கேள்வி: பெண் பாக்மேன் வரும் விளையாட்டில் ஆரஞ்சு நிறப் பேயின் பெயர் சூ என்று இருக்கிறதே?
– வாசகர், மதுரை

பதில்: ஆம், அது 1982இல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு, அதில் கிளைடின் இடத்தில் சூ என்ற பெண்பேய் வருகிறது. அதைவிடச் சுவையானது நாயகியின் பெயருக்கு முன்னால் உள்ள அடைமொழி. மணமாகாத பெண்ணைக் குறிக்கும் 'மிஸ்' முதலில் எண்ணத்தில் இருந்தது. ஆனால் விளையாட்டின் இடையே வரும் சிறு காட்சிகளில் அவள் பாக்மேனைச் சந்திக்கிறாள், மூன்றாவது காட்சியில் நாரை ஒன்று அவர்களுக்குக் குழந்தையைக் கொண்டுவந்து போடுகிறது. குழந்தை பெற்றவளைச் செல்வி என்பது பொருந்தாது என்ற பேச்சு எழவே, செல்வி, திருமதி இரண்டையும் தவிர்த்து, மணமானவரா இல்லையா என்று சொல்லாத 'மிஸ்ஸ்' (Ms.) என்ற அடைமொழியைத் தேர்ந்தார்கள். 1970களில் அமெரிக்கப் பெண்கள் போராடிப் பரவச் செய்த அந்தச் சொல், இப்படித்தான் ஒரு விளையாட்டுப் பெட்டியின் நெற்றியில் ஏறியது.